பதினாலாம் குழியின் வெள்ளைக் கட்டை

இறந்துபோன என் அண்ணன், நானாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு இரண்டு டோசர் ஒப்பரேட்டர்மார் வந்திருந்தார்கள். கண்டக்குழிப் பக்கம் புதிதாக ஒரு கோல்ப் மைதானம் வெட்டுகிறார்கள், அங்கே வேலை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அவர்களில் அஸ்மி என்பவன் என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"பென்ஷன் நானா, அந்தப் பதினாலாம் குழி மேட்ட உங்கட நானா ஒரு படமும் பாக்காம மனசால கட்டினவராமே. மெய்யா?"

எனக்கு முப்பத்தொரு வயது. நானா மௌத்தாகிய கிழமையே வேலையை விட்டுவிட்டு மச்சானின் டயர் கடையில் உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இவர்கள் பென்ஷன் என்று கூப்பிடுகிறார்கள்.

"இப்ப எங்களுக்குக் கட்டை கிட்டை ஒண்டும் இல்ல" என்றான் மற்றவன். "வண்டிக்குள்ள ஸ்கிரீன் இரிக்கு. எங்க வெட்டுற, எங்க கொட்டுற எண்டு அதுவே நிறம் காட்டும். நீங்க அந்தக் காலத்தில என்னண்டு செஞ்சீங்க?"

"ஓம், மெய்தான், மனசால கட்டினவர்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுச் சகன் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் சொன்னது மெய் இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளை மச்சாள் திருத்தித் தருகிறேன் என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வந்த ஆட்கள். நானா நிஸாருக்கு அப்போது ஆறு வயது. நான் புத்தளத்து முகாமில் பிறந்தேன். வாப்பா உப்பளத்தில் வேலை செய்தார். பிறகு நானாவும் செய்தார், பிறகு நானும். உப்பளத்தில் முதல் வேலை பாத்தி மிதிப்பது. நனைந்த களியைக் காலால் மிதித்து மிதித்துக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். ஒரு விரல் மேடு இருந்தாலும் அந்த இடத்தில் உப்பு விளையாது. அதனால் உப்பளத்து ஆட்களின் கண் எங்கே போனாலும் முதலில் மேட்டைத்தான் தேடும். அந்தத் தண்ணீரில் நின்று நின்று வாப்பாவின் குதிகால்கள் பிளந்து போயிருந்தன. நானாவின் குதிகாலிலும் ஐந்து சத நாணயம் செருகும் அளவுக்கு வெடிப்பு இருந்தது.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருஷம் கற்பிட்டிக் கடற்கரையில் ஒரு கம்பனி கோல்ப் மைதானம் வெட்டத் தொடங்கியது. புல் நட ஆள் எடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். நான் முதலில் தண்ணீர் ஊற்றினேன், பிறகு அளவுகோல் பிடித்தேன், பிறகு டோசருக்கு முன்னால் நடந்து வழி காட்டுகிறவன் ஆனேன். நானாவுக்கு இயந்திரம் வசப்பட்டது. ஒரு வருஷத்துக்குள் சின்ன டோசரின் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் அவர். அந்த வருஷமே அவர் குதிகால் வெடிப்பு மூடிவிட்டது. அதை உம்மா வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நானா வெட்கப்பட்டுக் காலைச் சாரத்துக்குள் இழுத்துக்கொள்வார்.

எங்களுக்கு மேலே இருந்தவர் கிங்ஸ்லி சேர். சிலாபத்துக்காரர், சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். சத்தம் போடவே மாட்டார். சந்தோஷமாக இருந்தால் எங்களை 'மல்லி', அதாவது தம்பி, என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இறங்கும், 'மஹத்தயா' என்பார், அதாவது ஐயா. அந்த 'மஹத்தயா'வைக் கேட்டால் சைட்டில் எல்லாரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிடுவார்கள். கிரீன் என்பது கொடி நிற்கிற புல்தரை. அதை நாங்கள் உருவாக்கி முடித்ததும் அவர் ஒரு போத்தல் தண்ணீரோடு வருவார். செருப்பைக் கழற்றுவார். நடுவில் நின்று தண்ணீரை மெதுவாக ஊற்றுவார். பிறகு குந்திக்கொண்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். தண்ணீர் போகிற வழியில்தான் பந்தும் போகும். சரி வரும் வரைக்கும் அவர் பகல் சாப்பாட்டுப் பார்சலைத் திறக்க மாட்டார். அவர் திறக்காமல் நாங்கள் எப்படித் திறப்பது?

கட்டைகளுக்கு மூன்று நிறம். சிவப்புக் கட்டை நின்றால் வெட்டு. நீலக் கட்டை நின்றால் மணல் போடு. வெள்ளைக் கட்டை நின்றால் கை வைக்காதே, அது காற்று கட்டிய இடம், அப்படியே இருக்கட்டும். டோசருக்கு முன்னால் நான் நடந்து கட்டைகளைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். அதுதான் என் வேலை.

மைதானத்தின் முதல் ஒன்பது குழிகள் தென்னந்தோட்டத்துக்குள். அங்கே குளம் வெட்டி, பொலித்தீன் விரித்து, தரையைப் பட்டு மாதிரி ஆக்கினோம். மற்ற ஒன்பதும் கடலோரத்து மணல்மேடுகளுக்குள். அங்கே டிசைனர் கிட்டத்தட்ட ஒன்றையும் தொட விடவில்லை. அவர் ஒரு வயதான வெள்ளைக்காரர், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். கம்பனிக்காரர் மணல்மேட்டுப் பக்கமும் குளமும் பூவும் வேண்டும் என்று நின்றார்கள். அவர் கேட்கவில்லை. ஏன் என்று நானா ஒருநாள் கிங்ஸ்லி சேரிடம் கேட்டார்.

"ஒவ்வொரு குழியும் ஆட்டக்காரன்ட்ட ஒரு கேள்வி கேக்கணும் நிஸார். ஒரே கேள்விய பதினெட்டுத் தரம் கேட்டா அவன் வீட்ட போயிருவான். சில குழி தண்டிக்கும். பிழையா அடிச்சா அவ்வளவுதான், மணற்குழிக்குள்ள. சில குழி யோசிக்க வைக்கும். இந்த வழியும் இருக்கு, அந்த வழியும் இருக்கு, நீ பாத்துக்க எண்டு சொல்லும். சிலது வீரம் காட்டச் சொல்லும். தண்ணிக்கு மேலால அடி பாப்பம் எண்டு."

நானா தலையை ஆட்டினார். சேர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "விளங்கிச்சா? முதலாவது நம்மட மதரஸா உஸ்தாத். ரெண்டாவது கிங்ஸ்லி சேர். மூணாவது கலியாணம் முடிக்கிறவன்."

பதினாலாம் குழி யோசிக்க வைக்கிற வகை. கிரீனுக்கு நேர் முன்னால் ஆள் ஆழத்துக்கு ஒரு மணற்குழி. கிரீனின் இடது பக்கத்தில், கடலுக்கும் கிரீனுக்கும் நடுவில், ஒரு நீண்ட மணல்மேடு. படுத்திருக்கிற மாடு மாதிரி இருக்கும். ஒரு முனையில் உயர்ந்த பிட்டம், நடுவில் பள்ளமான முதுகு, தென் முனையில் தோள். கொடியைப் பார்த்து நேரே அடித்தால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பந்தைப் பிடித்து மணற்குழிக்குள் போடும். கொடியை விட்டுவிட்டு மேட்டின் சரிவைப் பார்த்து அடித்தால் பந்து உருண்டு தானாகக் கொடியடிக்கு வரும். அந்த மேட்டுக்காகத்தான் அந்தக் குழியையே அந்த இடத்தில் வைத்தாராம் டிசைனர். மூன்று வெள்ளைக் கட்டை நட்டிருந்தோம்.

எங்களுக்கு அந்த மேடு வேறு ஒன்றுக்கு உதவியது. சோளகக் காலத்தில் அந்தப் பக்கம் வெளியில் தொழ முடியாது. நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதுக்குப் போனால் கண், மூக்கு எல்லாம் மணல். மாட்டு மேட்டின் மறைவில் மட்டும் காற்று அடங்கிக் கிடக்கும். நாங்கள் தொழும் திசையான கிப்லாவும் மேட்டைப் பார்த்தபடிதான். நாங்கள் ஒன்பது பேர், சிப்பி பொறுக்கி இரண்டு வரிசைக்குக் கோடு போட்டு வைத்திருந்தோம். நானா முன்னால் நின்று தொழுவிப்பார். தொழுவிக்கிறவருக்கு முன்னால் ஆள் குறுக்கே போகாமல் ஒரு கம்பு நட வேண்டும். அதைச் சுத்ரா என்போம். ஒரு உடைந்த மண்வெட்டிப் பிடியைத்தான் வைத்திருந்தோம்.

ஒரு புதன்கிழமை, பகல் தொழுகையான ளுஹருக்கு மண்வெட்டிப் பிடியைக் காணவில்லை. யாரோ தேநீர் வைக்க எரித்திருப்பான். நானா பாயில் நின்றுவிட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். மேட்டின் மூன்று வெள்ளைக் கட்டைகளில் இரண்டை ஆடுகள் சாய்த்து மணல் மூடியிருந்தது. அதைச் சேரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். மிச்சம் ஒன்று மேட்டடியில் நின்றது. அதைப் பிடுங்கி வந்து நானாவுக்கு முன்னால் நட்டேன். தொழுது முடிந்ததும் திரும்ப நடலாம் என்றுதான். ஆனால் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு, தண்ணீர் பவுசர் வண்டி மணலில் புதைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஓடினேன். பின்னேரத் தொழுகையையும் அங்கேயே முடித்தேன், மறந்தே போனேன்.

வியாழக்கிழமை கிங்ஸ்லி சேர் கொழும்புக்குப் போக வேண்டி இருந்தது. பின்னேரம் வருவேன், கிரீனுக்குப் பின்னால் சிவப்புக் கட்டை நிற்கிற இடத்தை வழித்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நானா டோசரை எடுத்தார். நான் முன்னால் நடந்தேன். சிவப்புக் கட்டைகள் முடிந்தன. தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனேன், போன இடத்தில் நின்று கதைத்தேன். திரும்பி வரும்போது நானா மாட்டு மேட்டின் தோளை வழித்து முடித்து முதுகுக்கு வந்துவிட்டார்.

அப்போதே ஓடிப்போய்க் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. எனக்கு ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பிளேட் போன இடமெல்லாம் மணல் வழுவழு என்று படுத்தது. எத்தனையோ நாள் அந்த மேடு என் கண்ணை உறுத்தியிருக்கிறது. இப்போது பார்க்க வடிவாக இருந்தது. பத்து நிமிஷம் ரசித்துக்கொண்டு நின்றேன். நானாவும் அப்படித்தான். அவர் கை உப்பளத்துக் கை. வெள்ளைக் கட்டை எதுவும் கண்ணில் படவில்லை, மேடு மட்டும் பட்டது.

கடைசியாகப் பிட்டத்தையும் வழித்துவிட்டு இறங்கி வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"எப்பிடி? இப்ப தண்ணி விட்டா நாளைக்கு உப்பு வெளயும்."

நான் சிரித்தேன். சிரித்த வாய்க்குள் மணல் வந்து விழுந்தது. அந்த இடத்தில் ஒருநாளும் காற்று வந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். சிப்பி வரிசைக்கு முன்னால், முந்தின நாள் நான் நட்ட வெள்ளைக் கட்டை தனியாக நின்றது.

நானா முகம் கழுவப் போனார். நான் கட்டையைப் பிடுங்கினேன். தொழுகைப் பாயை விரித்து, கட்டையை உள்ளே வைத்து, இறுக்கிச் சுருட்டிக் கட்டினேன். பாயை வண்டிக் கொட்டிலின் மூலையில் சாத்தினேன். காற்று மறைவு போனதால் ஞாயிறு வரைக்கும் யாரும் அதை விரிக்கவில்லை. கை தானாகச் செய்தது.

கிங்ஸ்லி சேர் ஐந்து மணிக்கு வந்தார். பதினாலாம் குழிக்கு வந்து நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். மேடு இருந்த இடத்தில் ஒரு தரம் போய் வந்தார்.

"நிஸார் மஹத்தயா."

"சேர்."

"இங்க வெள்ளக் கட்ட இருந்ததா?"

நானா என்னைப் பார்க்கவில்லை. "இருந்திச்சு சேர்."

"மூணு இருந்தது."

"மூணு இருந்திச்சு. நான் கவனிக்கல்ல."

"மூணையும் கவனிக்கல்ல."

"ஓம் சேர்."

நானா பாவம், கட்டை இல்லாததே தெரியாமல், இருந்திருக்கும் என்று நினைத்துச் சொல்கிறார் என்றுதான் நான் எண்ணினேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே கிடந்து அடித்தது. சொல்லவில்லை.

சேர் குரலை இன்னும் இறக்கினார். "திங்கக்கிழம காலம டிசைனர் வாறார். இத ஆர் செஞ்சது எண்டு கம்பனி என்னட்ட எழுத்தில கேக்கும். எழுதினா உங்கட கதிரை போகும், தெரியும்தானே. அதுக்கு முன்னால மேடு இருந்த மாதிரி இருந்தா நான் ஒண்டும் எழுதமாட்டன். இல்லாட்டிப் பொய் எழுதவும் மாட்டன்."

நானா சரி என்றார்.

மேட்டைத் திரும்பக் கட்ட ஒரு அளவும் இல்லை. தொடாத இடத்தை யார் அளந்து வைப்பார்? சேரின் கமராவில் மூன்று படம் இருந்தது. மூன்றிலும் கிரீன்தான் பெரிதாக, மேட்டின் ஒரு ஓரம்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நானா மணலைத் தள்ளிக் குவித்தார். ஜும்ஆவுக்குப் போய் வந்து பார்த்தால், லொறியில் கொட்டின மணல் மாதிரி கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே சரிவு. சேர் பார்த்தார்.

"இது மாடு இல்ல. இது வீட்டுக் கூரை."

காற்று கட்டுகிற மேடு கடல் பக்கம் நீளமாகச் சரிந்து, மறு பக்கம் செங்குத்தாக விழும். நானாவுக்கு அது தெரியும். ஆனால் அவர் கை இரண்டு பக்கத்தையும் சமமாக்கியே விடும். அன்று மூன்று தரம் கட்டினார், மூன்று தரம் கலைத்தார். டோசர் கதிரையில் இருந்து இறங்கும்போது அவர் அந்தக் கதிரையின் முதுகை ஒரு தரம் தட்டிவிட்டு இறங்கினார். நான் அதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றேன்.

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பின்னேரத் தொழுகையான அஸருக்குப் போனில் பாங்கு சொல்லும்போது மேட்டின் நிழல் எங்கள் மேல் விழும். பிட்டத்தின் நிழல் இரண்டாம் வரிசைச் சிப்பியைத் தொடும். முதுகின் நிழல் முதலாம் வரிசையோடு நிற்கும். தோளின் நிழல் இரண்டுக்கும் நடுவில் விழும். ஆளின் நிழல் ஆளின் உயரத்துக்கு நீண்டால்தானே அஸர் நேரம், அதனால் நாங்கள் அதைத் தினமும் பார்ப்போம். சிப்பிகள் இன்னும் போட்ட இடத்திலேயே கிடந்தன.

சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அந்த நேரத்துக்குக் கம்ப நட்டு, நிழல் சிப்பியில விழுற வரைக்கும் ஒசத்தினா மேட்டுட ஒசரம் வரும். ஹரி, சரி. ஒரு நாளைக்கு எத்தின தரம் வரும் அந்த நேரம்?"

"ஒருக்கா சேர்."

"இண்டைக்கு ஒருக்கா, நாளைக்கு ஒருக்கா. நாளைக்கு அளந்தா கட்ட நேரமில்ல." வானத்தைப் பார்த்தார். சோளக மேகம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கே மூன்று கம்போடு நின்றோம். பிட்டத்துக்கு எங்கள் ஒன்பது பேரில் ஒருவனான பாரூக், முதுகுக்கு நான், தோளுக்கு நானா. போனில் பாங்கு சொன்னது. வெயில் இல்லை. ஒன்பது பேரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு மேகம் கிழிந்தது. "பிடி, பிடி" என்று சேர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். பாரூக்கின் கம்பு நிழல் இரண்டாம் வரிசைச் சிப்பிக்கு வந்தது. சேர் கத்தியால் கம்பில் கோடு கீறினார். என் கம்புக்கு வந்தார், கீறினார். நானாவின் கம்புக்குப் போகும்போது வெயில் போய்விட்டது. திரும்ப வரவில்லை.

"ரெண்டு கெடைச்சது" என்றார் சேர். "தோள் கெடைக்கல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானா பிட்டத்தையும் முதுகையும் கட்டினார். இந்தத் தடவை பிளேட்டைக் கடல் பக்கத்தில் இருந்து மட்டும் தள்ளினார். மறுபக்கம் போகவே இல்லை. மணல் உச்சிக்கு வந்து தானாக வழிந்து விழட்டும் என்று விட்டார். செங்குத்துத் தானாக வந்தது. சேர் வந்து பார்த்தார், 'மஹத்தயா' என்று கூப்பிடவில்லை. அது நல்ல அறிகுறி. தோளைக் கண் மதிப்பில் போட்டார்.

ளுஹர் நேரம் வந்தது. கிங்ஸ்லி சேர் சிப்பி வரிசைப் பக்கம் கை காட்டினார்.

"தொழுங்க."

"சேர்?"

"தொழுங்க மல்லி. மண் மூஞ்சில அடிக்குதா எண்டு பாத்துச் சொல்லுங்க. காத்துக்குத் தெரியும் மேடு சரியா இல்லையா எண்டு."

தொழுகையைச் சோதனைக்கு வைக்கலாமா என்று பாரூக் முணுமுணுத்தான். "எப்பிடியும் தொழத்தானே போறம்" என்றார் நானா. நான் வண்டிக் கொட்டிலுக்குப் பாயை எடுக்கப் போனேன். எனக்கு முந்தி நானா போயிருந்தார். பாய்க்கட்டைத் தூக்கி வந்து, கயிற்றை அவிழ்த்து, என் கண்ணுக்கு முன்னால் விரித்தார். வெள்ளைக் கட்டை உருண்டு மணலில் விழுந்தது.

நானா குனிந்து கட்டையை எடுத்தார். நுனியில் ஒட்டியிருந்த மணலைச் சாரத்தில் துடைத்தார். புதன்கிழமை நான் நட்ட அதே இடத்தில், தனக்கு முன்னால், அதை நட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புதன்கிழமை நாலு ரக்அத்தும் அந்தக் கட்டைக்கு முன்னால் தலை வைத்தது அவர்தான். எட்டுத் தரம் சுஜூது செய்யும்போது எட்டுத் தரமும் அதைப் பார்த்திருப்பார். டோசரில் ஏறும்போது அவருக்கு அது ஞாபகம் வந்திருக்காது. ஆனால் வியாழக்கிழமை, சேர் கேட்ட நேரத்தில், கட்டையை யார் பிடுங்கினது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "இருந்திச்சு, நான் கவனிக்கல்ல" என்றார்.

அவர் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார். நான் பின்னால் நின்றேன். என்ன ஓதினேன் என்று தெரியாது.

ஸலாம் கொடுத்ததும் சேர் கேட்டார். "என்ன?"

இடது பக்கத்துக் கடைசியில் நின்றவன் இருமினான். "எனக்குக் கண்ணுக்குள்ள எல்லாம் மண் சேர்." வலது பக்கத்தாருக்கு ஒன்றும் இல்லை.

"தோள் பத்தாது" என்றார் நானா. எழும்பிப் போய் மூன்று பிளேட் மணல் தள்ளினார். அஸருக்குத் திரும்பத் தொழுதோம். ஒருவனும் இருமவில்லை.

மேடு முழுக்க இராவணன் மீசைப் புல் இருந்தது, அதையும் நட வேண்டும். ஊசி மாதிரிக் குத்தும் புல். ஒன்பது பேரும் வேறு மேடுகளில் இருந்து பிடுங்கிக் கையெல்லாம் இரத்தமாக நட்டோம். பொழுது சாயும் மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி சேர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"மஹத்தயாமார், இது என்ன வெங்காயப் பாத்தியா?"

பார்த்தோம். கற்பிட்டித் தோட்டக்காரர் நட்டால் எப்படி இருக்குமோ அப்படி, சாண் இடைவெளியில், கயிறு பிடித்த மாதிரி வரிசை வரிசையாக நின்றது. நானா முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். சிரித்தபடியே பாதியைப் பிடுங்கிக் கண்டபடி நட்டோம். மூன்று நாளைக்குப் பிறகு சிரித்தது அப்போதுதான். நானா வெள்ளைக் கட்டையைக் கொண்டுபோய் மேட்டின் உச்சியில் நட்டார். என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்:

"இது ஒண்டுதான் மிச்சம். மத்த ரெண்டையும் ஆடு திண்டிருச்சு போல."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அன்றைக்கும் அதற்குப் பிறகும்.

திங்கட்கிழமை காலையில் டிசைனர் வந்தார். துணித் தொப்பி, கையில் ஒரு தடி. நாங்கள் டோசருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம். அவர் பந்தடிக்கத் தொடங்குகிற இடத்தில் இருந்து நடந்தே வந்தார். கிரீனில் நின்று மேட்டைப் பார்த்தார். பிறகு ஏறினார். தோளில் நின்று குனிந்து ஒரு புல்லைப் பிடித்து இழுத்தார். புல் வேரோடு கையில் வந்தது. இராவணன் மீசை ஒருநாளும் அப்படி வராது. நானா என் கையைப் பிடித்தார்.

டிசைனர் இங்கிலீஷில் கேட்டார். கிங்ஸ்லி சேர் பொய் சொல்லவில்லை. கையை நீட்டி நானாவைக் காட்டினார். எங்களுக்குக் கதை விளங்கவில்லை, கை விளங்கியது. கிழவர் நானாவிடம் இறங்கி வந்தார். சேர்தான் மொழிபெயர்த்தார்.

"எத வெச்சு அளந்த எண்டு கேக்கிறார்."

நானா சிப்பி வரிசையைக் காட்டினார். "தொழுதம் சேர்."

சேருக்கு அதை இங்கிலீஷில் சொல்ல வெகு நேரம் எடுத்தது. கையால் நிழலைக் காட்டினார், குனிந்து காட்டினார், கண்ணைக் கசக்கிக் காட்டினார். கிழவர் நானாவின் கீறின கைகளைப் பார்த்தார். திரும்ப மேட்டுக்கு ஏறினார். பிடுங்கின புல்லைப் பழைய இடத்திலேயே வைத்து, சப்பாத்தால் மணலை அமுக்கினார். என்னவோ சொன்னார்.

"தோள் முந்தினத விட ஒரு சாண் ஒசரமாம்" என்றார் சேர். "இருக்கட்டுமாம்."

நானாவின் கதிரை போகவில்லை. அதற்குப் பிறகு மணல்மேட்டுப் பக்கம் எந்த மேடு தொட வேண்டி வந்தாலும் நானாவைத்தான் கூப்பிட்டார்கள். எட்டு வருஷம், மூன்று மைதானம். எல்லா இடத்திலும் நான் அவருக்கு முன்னால் நடந்தேன். டோசர் போக முந்தி ஒவ்வொரு வெள்ளைக் கட்டையையும் கையால் தொட்டு எண்ணுவேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், நானா சிரிக்க மாட்டார். நான் எண்ணி முடிக்கும் வரைக்கும் இஞ்சினை நிறுத்தி வைத்திருப்பார். எட்டு வருஷமும் பகலில் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஒரு நாள் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன்.

நுரைச்சோலைக்கு இந்தப் பக்கத்து வளைவில் லொறி அவர் மோட்டார் சைக்கிளை அடித்தது.

நானாவின் ஜனாஸாவை முன்னால் வைத்து, தொழ முந்தி, சொந்தக்காரர் ஒருவர் எழும்பிச் சனத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாப்பா உயிரோடு இல்லை. நான்தான் கேட்டேன். "எங்கட நானா உங்களில ஆருக்கும் மனசு நோக ஏதும் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுக்கொள்ளுங்க." "மன்னிச்சிட்டம்" என்று வரிசைகளில் இருந்து குரல் வந்தது. வாசலுக்கு வெளியே கிங்ஸ்லி சேர் தலையில் கைலேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாயும் அசைந்தது.

நானா அங்கே ஒருவருக்கும் ஒன்றும் செய்திருக்கவில்லை. கேட்க வேண்டியவன் நான். நான் கேட்க வேண்டிய ஆள் எனக்கு முன்னால், சுத்ராக் கம்பு நிற்கிற இடத்தில், வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

நாளைக்குக் கண்டக்குழிக்குப் போவேன். அந்த மேட்டை நானா கட்டினார், அதற்கு முந்தி அது வழிக்கப்பட்டது நான் பிடுங்கின கட்டையால் என்று அஸ்மியிடம் சொல்லுவேன்.